பூத்ததெல்லாம் எண்ணெய் ஆகுமா? மலையகத்துச் சூரியகாந்தியும் கடுகும் தேயிலைக் கொட்டையும்

சூரியகாந்தி விதையை வெளியில் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. கோடு போட்ட ஓடு பெரிதாக, பளபளப்பாக இருக்கும். கையில் அள்ளும்போதுதான் எடை இல்லாதது தெரியும். கடித்தால் உள்ளே பருப்பு இருக்காது. இலங்கை மலையகத்தில் லயத்து வாசலிலோ மரக்கறித் தோட்டத்து வரம்பிலோ நாலைந்து சூரியகாந்தி வளர்த்த பலருக்கும் இந்த ஏமாற்றம் பழக்கமானது. பசளை போதவில்லை, மண் சரியில்லை, விதை மோசம் என்று காரணம் தேடுவோம். சில வேளை அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஓடு முழுதாக வளர்ந்து பருப்பு மட்டும் இல்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மகரந்தச்சேர்க்கையைத்தான்.

நாம் விதை என்று சொல்லும் சூரியகாந்தி மணி உண்மையில் ஒரு முழுப் பழம். பூவின் சூலகச் சுவர்தான் காய்ந்து ஓடாகிறது. அது தாய்ச்செடியின் உடம்பு. மகரந்தம் வந்தாலும் வராவிட்டாலும் பெரும்பாலும் வளர்ந்துவிடும். உள்ளே இருக்கும் பருப்பு அப்படியல்ல. மகரந்தக் குழாய் இறங்கிச் சூல்வித்தை அடைந்து, கருக்கட்டல் நடந்தால்தான் முளையம் உண்டாகும். அந்த முளையத்தின் இரண்டு வித்திலைகளில்தான் எண்ணெய் சேர்கிறது. கருக்கட்டாத பூவுக்கு எவ்வளவு பசளை போட்டாலும் எண்ணெய் வராது. எண்ணெயை ஊற்றி வைக்க அங்கே பாத்திரமே இல்லை.

எண்ணெய் எந்த இடத்தில் சேர்கிறது என்பது பயிருக்குப் பயிர் மாறும். கடுகிலும் நிலக்கடலையிலும் தேயிலைக் கொட்டையிலும் சூரியகாந்தியைப் போலவே வித்திலையில் சேர்கிறது. தேங்காயிலும் ஆமணக்கிலும் வித்தகவிழையத்தில். நாம் துருவும் தேங்காய்ப் பருப்பு அதுதான். எண்ணெய்ப் பனையில் பழத்தின் சதையில் ஒரு எண்ணெய், கொட்டைக்குள் இன்னொரு எண்ணெய். ஆனைக்கொய்யாவில் சதையில் மட்டும். வித்திலையிலும் வித்தகவிழையத்திலும் எண்ணெய் வைக்கும் பயிர்களில் மகரந்தம் தவறினால் எண்ணெய் முழுதாகவே தவறும். ஆகவே இந்தப் பயிர்களில் “எத்தனை பூ பூத்தது”, “எத்தனை காய் பிடித்தது” என்று எண்ணுவதோடு நிறுத்தினால் பாதிக் கணக்குத்தான் கிடைக்கும். காய்க்குள் எத்தனை விதை, விதைக்குள் எவ்வளவு பருப்பு, பருப்பில் எவ்வளவு எண்ணெய் என்று உள்ளே போக வேண்டும். மகரந்தம் வந்த வழி இந்த ஒவ்வொரு கட்டத்திலும் தன் கணக்கைக் காட்டும்.

தன் மகரந்தத்தை ஏற்கும் செடி, ஏற்காத செடி

பள்ளிக்கூடத்தில் தன்மகரந்தச்சேர்க்கை, அயன்மகரந்தச்சேர்க்கை என்று இரண்டு பெட்டி போட்டுப் படித்தோம். தோட்டத்தில் நிலைமை இவ்வளவு நேர்த்தியாகப் பிரிவதில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. செடி தன் மகரந்தத்தை ஏற்குமா? ஏற்கும் என்றால், அதைக் குறிக்கு, அதாவது மகரந்தத்தை வாங்கும் பெண் பாகத்தின் நுனிக்கு, கொண்டுபோய்ச் சேர்க்க யாராவது வேண்டுமா, தானே சேர்ந்துவிடுமா? இரண்டுக்கும் விடை தெரியாமல் தேனீப் பெட்டி வைப்பதும் வீண், வைக்காமல் விடுவதும் நட்டம்.

நிலக்கடலைக்கு யாரும் வேண்டாம். பூ மூடியபடி இருக்கும்போதே உள்ளுக்குள் வேலை முடிந்துவிடும். பிறகு காம்பு நீண்டு மண்ணுக்குள் இறங்கிக் காயாகிறது. எள்ளும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். தேனீ வந்தால் கூடுதல் லாபம். தென்னையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே பாளையில் இருந்தாலும் நெட்டை மரங்களில் ஆண் பூக்கள் உதிர்ந்த பிறகுதான் பெண் பூ தயாராகிறது. ஆகவே அடுத்த மரத்து மகரந்தம்தான் கை கொடுக்கும். குட்டைத் தென்னையில் இரண்டும் ஒரே நேரத்தில் சந்திப்பதால் தன் பாளையிலேயே காரியம் ஆகிவிடும்.

மலையகத்தில் நாம் கண்ணெதிரே பார்க்கக்கூடியவை மூன்று: கடுகு, சூரியகாந்தி, தேயிலை. இந்த மூன்றும் மேலே கேட்ட கேள்விகளுக்கு மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. எண்ணெய் வித்துப் பயிர்ச்செய்கை நம் பக்கத்துத் தொழில் அல்ல. கடுகும் எள்ளும் உலர் வலயத்துச் சேனைப் பயிர்கள். நம் நிலமெல்லாம் தேயிலை, கோவா, கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு. ஆனாலும் பூவும் பூச்சியும் மழையும் சேர்ந்து விளைச்சலை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதை இந்த மலைகளில் பார்ப்பது போல் வேறு இடத்தில் பார்ப்பது கடினம்.

கடுகுப் பூவில் நாலு மஞ்சள் இதழ், மகரந்தம் தரும் ஆறு கேசரம். ஆறில் நாலு நீளம், இரண்டு குட்டை. நீளமான நாலும் குறியின் உயரத்துக்கே நிற்பதால் லேசாகக் காற்று ஆட்டினாலே சொந்த மகரந்தம் குறியில் பட்டுவிடும். நம் சமையலறைக் கடுகு அதை ஏற்றுக்கொள்ளும் சாதி. எனவே ஒரு பூச்சி கூட வராத இடத்திலும் கடுகு காய்க்கும். ஆனால் அப்படிக் காய்த்த காயை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நல்ல காயில் 10 முதல் 20 விதை வரை வரிசையாகத் தெரியும். மகரந்தம் போதாத காயில் இடையிடையே வெற்றிடம் இருக்கும். அந்த இடத்தில் காய் ஒடுங்கி, விதை இருக்கும் இடத்தில் மட்டும் புடைத்து நிற்கும். காய் எண்ணிக்கையில் இரண்டு செடியும் ஒன்றுபோலத் தோன்றலாம். சுளகில் கொட்டிப் புடைக்கும்போது வித்தியாசம் தெரிந்துவிடும்.

அதே குடும்பத்தில் பிறந்த கோவா தன் மகரந்தத்தை ஏற்காது. வட இந்தியாவில் எண்ணெய்க்குப் பயிரிடும் தோரியா என்ற கடுகு வகையும் அப்படித்தான். சொந்த மகரந்தம் விழுந்தால் குறியின் மேற்பரப்பிலுள்ள புரதம் ஒன்று அதை அடையாளம் கண்டு, முளைக்க விடாமல் தடுத்துவிடுகிறது. இந்தத் தடை மொட்டுப் பருவத்தில் இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. அதனால்தான் விதை உற்பத்தி செய்பவர்கள் சிறு மொட்டை இடுக்கியால் பிளந்து, அதே செடியின் விரிந்த பூவிலிருந்து மகரந்தம் எடுத்து உள்ளே தடவித் தூய வரிசைகளைக் காப்பாற்றுகிறார்கள். பூ விரிந்த பிறகு திரும்பி வரும் அதே தடையை வைத்து, இரண்டு தூய வரிசைகளை அருகருகே நட்டுத் தேனீயை விட்டுக் கலப்பின விதை எடுக்கிறார்கள். நுவரெலியாவில் நாம் டின்னிலும் பைக்கற்றிலும் விலை கொடுத்து வாங்கும் கலப்பினக் கோவா விதைக்குப் பின்னால் இவ்வளவு வேலை இருக்கிறது.

பை கட்டிப் பார்ப்பது

ஒரு செடிக்கு எந்த வழி தேவை என்று கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் செய்யும் சோதனை மிக எளிது. மெல்லிய மல்மல் துணிப் பை, கூரான இடுக்கி, நூல், அடையாளச் சீட்டு இருந்தால் போதும். உயர்தர வகுப்பில் விவசாயம் படிக்கும் பிள்ளைகள் வீட்டுத் தோட்டத்திலேயே செய்யலாம். செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

சில பூக்களை அப்படியே திறந்து விடுவார்கள். சிலவற்றை மொட்டிலேயே பை கட்டி மூடிவிடுவார்கள். மூன்றாவது தொகுதிப் பூக்களுக்குப் பைக்குள்ளேயே சொந்த மகரந்தத்தைக் கையால் தடவுவார்கள். நாலாவது தொகுதியில் மகரந்தக்கூடு வெடிப்பதற்கு முன்பே கேசரங்களைக் கிள்ளி எடுத்துவிட்டு, வேறொரு செடியின் மகரந்தத்தைத் தடவுவார்கள். அப்புறம் காய் முற்றும் வரை காத்திருந்து காய், விதை, எடை என்று கணக்கெடுப்பார்கள்.

பை கட்டியதும் திறந்து விட்டதும் ஒரே அளவு விளைந்தால் செடி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது என்று பொருள். பைக்குள் தானாக ஒன்றும் விளையவில்லை, ஆனால் சொந்த மகரந்தத்தைக் கையால் தடவியபோது விளைந்தது என்றால், செடி தன்னை ஏற்கிறது, சேர்த்து வைக்க ஆள்தான் இல்லை. சொந்த மகரந்தத்தைக் கையால் தடவியும் விளையாமல் அயல் மகரந்தத்துக்கு மட்டும் விளைந்தால், பக்கத்தில் வேறு மரபுடைய செடி இருந்தே ஆக வேண்டும். பெட்டி பெட்டியாகத் தேனீ வைத்தாலும் ஒற்றைச் செடி காய்க்காது. திறந்து விட்ட பூவை விடக் கையால் அயல் மகரந்தம் தடவிய பூ தெளிவாகக் கூடுதலாக விளைந்தால், அந்த இடத்தில் பூச்சி பற்றாக்குறை இருக்கிறது.

இந்த நாலாவது முடிவில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு செடியில் பத்துப் பூவுக்கு மட்டும் கையால் தாராளமாக மகரந்தம் கொடுத்தால், அந்தப் பத்துக் காயும் செடியின் சாப்பாட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும். மற்றப் பூக்கள் பட்டினியில் உதிரும். நாம் பத்துக் காயை மட்டும் பார்த்துவிட்டு “இரண்டு மடங்கு விளைச்சல்” என்று எழுதினால் அது பொய்க் கணக்கு. செடி முழுவதற்கும் மகரந்தம் கொடுத்துச் செடி முழுவதையும் நிறுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மூடுபனி இறங்கும் இடத்தில் துணிப் பை நனைந்து, உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பைக்குள் விளையாதது மகரந்தம் இல்லாமலா, பை அழுகியதாலா என்று குழம்பிப்போவோம். கையால் தடவிய பூவையும் அதேபோல் பையில் மூடி வைத்திருந்தால் இந்தக் குழப்பம் தீரும்.

பூச்சி குறைந்தால் விளைச்சல் உடனே அதே அளவுக்குக் குறையும் என்று நினைப்பதும் சரியல்ல. கடுகுக் குடும்பத்துச் செடிகள் ஈடுகட்டத் தெரிந்தவை. முதலில் பூத்தவை காய்க்காவிட்டால் இன்னும் கிளை விட்டு, இன்னும் பூத்துக்கொண்டே போகும். கடைசியில் காய்களின் எண்ணிக்கை ஏறக்குறைய சமமாகிவிடலாம். ஆனால் பூக்கும் காலம் நீண்டதால் கீழ்க்காய் வெடித்துச் சிதறும்போது மேற்காய் பச்சையாக இருக்கும். எப்போது அறுத்தாலும் ஒரு பக்கம் நட்டம். பச்சை விதை கலந்தால் எண்ணெயில் பச்சையம் ஏறித் தரமும் இறங்கும். ஸ்வீடனில் ரேப் என்ற கடுகின உறவுப் பயிரில் செய்து 2012இல் வெளியான ஆய்வு ஒன்று இதை அழகாகக் காட்டியது: பூச்சிகள் வந்துபோன செடிகளில் விதை எடை 18 வீதம் கூடியது, எண்ணெய் கூடிப் பச்சையம் குறைந்ததால் சந்தைப் பெறுமதி 20 வீதம் கூடியது. அதுவும் தன் மகரந்தத்தை ஏற்கும் பயிரில்!

பூத்தட்டில் நாலு வளையம்

சூரியகாந்திப் பூ என்பது ஒரு பூ அல்ல. ஆயிரம், இரண்டாயிரம் சிறு பூக்கள் கூடிய தட்டு. ஓரத்து மஞ்சள் இதழ்கள் பூச்சியை அழைப்பதற்கு மட்டும், விதை தராது. பாதி பூத்த தட்டு ஒன்றைக் காலையில் கிட்டப் போய்ப் பாருங்கள். வெளி வளையத்தில் வேலை முடிந்து வாடிய பூக்கள். அதற்கு உள்ளே, இரண்டாகப் பிளந்து சுருண்ட குறிகள் நீட்டிக்கொண்டிருக்கும் வளையம். அதற்கும் உள்ளே, கரிய குழாய்களின் நுனியில் மஞ்சள் பொடி தள்ளி நிற்கும் வளையம். நடுவில் இன்னும் திறக்காத மொட்டுகள். ஒவ்வொரு சிறு பூவும் முதல் நாள் ஆண், அடுத்த நாள் பெண். தட்டு முழுதும் பூத்து முடிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

பழைய சூரியகாந்தி ரகங்கள் தன் மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்காதவை. இன்றைய கலப்பினங்கள் பெரும்பாலும் ஏற்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவற்றில் அயல் மகரந்தம் வராவிட்டால் குறியின் இரு பிரிவும் இன்னும் வளைந்து, குழாயில் ஒட்டியிருக்கும் சொந்த மகரந்தத்தைத் தொட்டுக்கொள்ளும். ஆகவே கடையில் வாங்கிய கலப்பின விதையும் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய பழைய ரகமும் ஒரே வாசலில் இரண்டு விதமாக விளைவதில் ஆச்சரியம் இல்லை. சூரியகாந்தி மகரந்தம் பாரமானது, முள்ளும் பிசுபிசுப்பும் உள்ளது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகாது. பூச்சி வராத இடத்தில் கைதான் வழி.

தமிழ்நாட்டில் சூரியகாந்திப் பயிர் செய்பவர்களுக்கு விவசாய அதிகாரிகள் சொல்லும் முறை இது: காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில், ஒரு நாள் விட்டு ஒரு நாள், உள்ளங்கையில் மெல்லிய துணியைச் சுற்றித் தட்டைத் தடவி, அதே கையால் அடுத்த தட்டைத் தடவ வேண்டும். அல்லது இரண்டு தட்டை முகத்துக்கு முகம் வைத்து மெதுவாக உரசலாம். ஹெக்டேயருக்கு 5 தேனீப் பெட்டி வைத்தால் இந்த வேலை மிச்சம். நம் பக்கத்தில் இதைச் செய்வதானால் கடிகாரத்தைப் பார்ப்பதை விடப் பனி உலர்ந்ததா என்று பார்ப்பது நல்லது. ஈரத்தில் மகரந்தம் கட்டியாகும், வெடித்தும் போகும். தடவிப் பயன் இல்லை.

அறுத்த தட்டையும் படிக்கலாம். நடுப்பகுதி மட்டும் பருப்பில்லாத சாவியாக இருந்தால் மகரந்தத்தைக் குறை சொல்ல வேண்டாம். கடைசியாகப் பூக்கும் இடம் அது. வெளி வளைய விதைகள் ஏற்கெனவே தண்ணீரையும் சாப்பாட்டையும் பிடித்துக்கொண்டன. அங்கே பசளையும் தண்ணீரும்தான் பேச்சு. ஆனால் வெளிப்பக்கத்திலோ இடையிலோ ஒரு பட்டையாகச் சாவி ஓடினால், அந்தப் பட்டை பூத்த நாட்களில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். ஒரு நாள் மழை பிரச்சினை இல்லை, குறி சில நாட்கள் காத்திருக்கும். தொடர்ந்து மழையும் மூடுபனியும் என்றால், அல்லது அந்த வாரம் பக்கத்துப் பாத்தியில் மருந்து அடித்திருந்தால், அது தட்டில் பட்டையாகத் தெரியும்.

கையால் செய்யும் வேலையைப் பூச்சியிடம் ஒப்படைத்ததால் ஒரு நாட்டின் எண்ணெய்த் தொழிலே மாறிய கதை ஒன்று உண்டு. மலேசியாவில் எண்ணெய்ப் பனைக் குலைகள் சரியாகக் காய் பிடிக்காமல், தோட்டத் தொழிலாளர் மரம் மரமாகப் போய் மகரந்தப் பொடி தூவிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்ப் பனைக்குக் காற்றே போதும் என்பது அப்போது பொதுவான நம்பிக்கை. பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் 1970களின் பிற்பகுதியில், அந்த மரத்தின் தாயகமான ஆபிரிக்காவில் கெமரூனுக்குப் போய்ப் பார்த்தார். அங்கே ஆண் பூவில் பிறந்து வளரும் சின்னஞ்சிறு கூன்வண்டு ஒன்றுதான் மகரந்தத்தைப் பெண் பூவுக்குச் சுமந்தது. தீங்கு செய்யுமா என்று சோதித்த பிறகு 1981இல் அந்த வண்டை மலேசியாவில் விட்டார்கள். குலைகள் நிரம்பின, கொட்டை எண்ணெய் கூடியது, கையால் தூவும் வேலை நின்றுபோனது. இலங்கையில் எண்ணெய்ப் பனை தாழ்நாட்டு ஈரவலயத்துப் பயிர்; 2021 ஏப்ரலில் அதை அரசு தடை செய்தது. அதனால் நமக்கு அந்த மரத்தோடு பெரிய வேலை இல்லை. ஆனால் விளைச்சல் குறைந்தபோது பூவையும் பூச்சியையும் போய்ப் பார்த்த அந்தப் புத்தி நமக்கு வேண்டும்.

குளவி பயமும் தேனீயும்

இலங்கையில் ஐரோப்பியத் தேனீ இல்லை. மேலைநாட்டுத் தோட்டங்களில் பெரும் வேலை செய்யும் உடல் பருத்த பம்பிள் தேனீயும் இல்லை. மலையகத்தில் பெட்டியில் வளர்க்கக்கூடியது மரப்பொந்தில் அடுக்கு அடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீ. பெருந்தேனீ பாறையிலும் உயர்ந்த மரத்திலும் ஒற்றை அடை கட்டும். தைல மரங்கள் பூக்கும் காலத்தில் மலைக்கு ஏறி வரும். கொசுத்தேனீ குளிர் குறைந்த கீழ்ப்பகுதிகளில். இவற்றோடு மரத்தைக் குடையும் கருவண்டு, நீலக்கோட்டுத் தேனீ, பூவீக்கள். இந்தக் குளிரில் அதிகாலையில் கிளம்பி வேலை செய்வதில் இந்தியத் தேனீ கெட்டிக்காரி. விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு பண்டாரவளைப் பக்கம் பிந்துனுவெவவில் இருப்பது பொருத்தமான இடம்தான்.

ஆனால் தோட்டத்தில் “தேனீ வளர்ப்போம்” என்று சொல்வதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக் கொட்டுக்கு ஆளாகி ஆஸ்பத்திரிக்குப் போவது நமக்கு வாரந்தோறும் வரும் செய்தி. உயிர் போனவர்களும் உண்டு. செய்தியில் குளவி என்று வருவது பல வேளைகளில் பெருந்தேனீதான், சில வேளைகளில் உண்மையான குளவி. பறிக்கிற மலைக்கு மேலே பெருந்தேனீக் கூடு தொங்கும்போது விளைச்சலைப் பற்றிப் பேசுவது நியாயம் இல்லை. அந்த மலையில் ஆள் இறக்கக் கூடாது, கூட்டை அகற்றத் தெரிந்தவரைக் கொண்டு அகற்ற வேண்டும். அது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. அதே வேகத்தில் பொந்தில் இருக்கும் சின்னத் தேனீயையும் சேர்த்துக் கொளுத்துவதைத்தான் நிறுத்த வேண்டும். உருவத்தில் சிறியது, பொந்துக்குள் இருப்பது, தன் கூட்டைத் தொந்தரவு செய்யாதவரைத் துரத்தி வராதது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாலே பல கூடுகள் பிழைக்கும்.

மருந்து அடிக்கும் நேரமும் இதே விஷயம்தான். மரக்கறிப் பாத்தியில் காலை வெயில் வந்ததும் தெளிகருவியை முதுகில் மாட்டுவது நம் வழக்கம். தேனீயும் அந்த நேரத்தில்தான் வெளியே வருகிறது. பூத்திருக்கும் வரம்புக்குப் பக்கத்தில் அடிக்காமல், அடித்தே ஆக வேண்டும் என்றால் தேனீ கூட்டுக்குத் திரும்பிய பின் மாலையில் அடித்தால் செலவு கூடாது. மழைக்கால மலைகளில் தேனீக்குக் கிடைப்பது சில மணி நேர வெயில். அதையும் நாம் எடுத்துக்கொண்டால் அன்றைய பூக்கள் வெறுமனே உதிரும்.

பருவத்தைத் தேர்வதும் பாதி வெற்றி. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை கொட்டும். அப்போது பூக்கும்படி விதைத்தால் மகரந்தம் நனைந்தே போகும். ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே வெயில் கிடைக்கும். பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் கதை தலைகீழ்: ஜூன் முதல் செப்டெம்பர் வரை உலர்ந்த காலம். நல்ல தேயிலை கிடைக்கும் பருவம் என்று தொழிற்சாலைகள் கொண்டாடும் அதே உலர்ந்த மாதங்கள்தான் பூவுக்கும் தேனீக்கும் நல்ல மாதங்கள்.

தேயிலைக் கொட்டை

நம்மைச் சுற்றி இத்தனை இலட்சம் நிற்கும் தேயிலையை எண்ணெய் வித்துச் செடி என்று நாம் நினைப்பதே இல்லை. சீனாவில் தேயிலையின் நெருங்கிய உறவான கமேலியா மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய் பெரும் சமையல் எண்ணெய். நம் தேயிலைக் கொட்டைப் பருப்பிலும் 20 முதல் 30 வீதம் எண்ணெய் உண்டு. கவ்வாத்து வெட்டிக் கொழுந்து பறித்துக்கொண்டே இருப்பதால் செடி பூவுக்கும் காய்க்கும் போக வாய்ப்பே கிடைப்பதில்லை. பறிக்காமல் விட்ட செடி மரமாகும். கைவிடப்பட்ட மலைகளின் ஓரத்தில் அப்படி நிற்கும் மரங்களில் வெள்ளைப் பூவும், போன வருடத்துப் பூவின் முற்றிய காயும் ஒரே கிளையில் இருப்பதைப் பார்க்கலாம். காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும்.

தேயிலைப் பூவில் கேசரம் கட்டுக்கட்டாக இருக்கும். மகரந்தத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் அது தன் மகரந்தத்தை ஏற்பதில்லை. கோவாவைப் போலக் குறியிலேயே தடுப்பதும் இல்லை. சொந்த மகரந்தக் குழாய் குறிக்குக் கீழுள்ள தம்பத்தில் இறங்கிச் சூலகம் வரைக்கும் வந்துவிடும். அங்கே விதையாகாமல் நின்றுபோகும். பார்வைக்கு மகரந்தச்சேர்க்கை நடந்ததுபோல இருக்கும். பூ உதிர்ந்து காய் இல்லாமல் போகும். இல்லாவிட்டால் மூன்று அறைக் காயில் ஓர் அறை மட்டும் கொட்டை வைத்துக் காய் ஒரு பக்கமாகக் கோணும்.

இதிலிருந்து நம் மலைகளின் வரலாறே விளங்கும். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்ததிலிருந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் தோட்டங்கள் விதையில் இருந்துதான் வளர்ந்தன. ஒவ்வொரு கொட்டைக்கும் அப்பா வேறு. ஆகவே பழைய விதைத் தேயிலை மலையில் அடுத்தடுத்த இரண்டு செடி ஒன்றுபோல இருக்காது: ஒன்றின் இலை அகலம், ஒன்றின் இலை சிறுத்து, ஒன்று சீக்கிரம் கொழுந்து விடும், ஒன்று சோம்பும். பறிக்கும் கைகளுக்கு இது தெரியும். பிறகு தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்த செடிகளின் தண்டுத் துண்டில் இருந்து வளர்த்த வீ.பி. தேயிலை வந்தது. டி.ஆர்.ஐ. 2025 போன்ற ஒரே வகை நட்ட மலை முழுதும், மரபில் பார்த்தால், ஒரே செடி. அதன் நடுவில் எத்தனை ஆயிரம் பூ பூத்தாலும், எத்தனை தேனீ வந்தாலும், தேனீ சுமப்பது செடியின் சொந்த மகரந்தத்தைத்தான். வேறு வகை நட்ட மலையோடு தொடும் ஓரத்தில்தான் காய் நன்றாகப் பிடிக்க வாய்ப்பு. விதைத் தேயிலை மலையிலோ பக்கத்துச் செடி எல்லாம் அயல் செடி என்பதால் கொட்டைக்குக் குறைவில்லை.

விதை வேண்டும் என்று தேயிலை வளர்த்தவர்கள் இதைப் பயன்படுத்தினார்கள். நல்ல குணமுள்ள இரண்டு வகைகளை வரிசை மாற்றி வரிசை நட்டு, மற்றத் தேயிலைக்கு எட்டாமல் தனித்து வைத்து, கவ்வாத்து வெட்டாமல் மரமாக விட்டால் விழும் கொட்டை எல்லாம் அந்த இரண்டின் கலப்பு. இரண்டு வகையும் ஒரே காலத்தில் பூக்க வேண்டும். இல்லாவிட்டால் வரிசை மாற்றி நட்டதற்குப் பயனே இல்லை. எண்ணெய்க்காகத் தேயிலை மரம் வளர்க்க நினைத்தாலும் இதே அமைப்புத்தான் வேண்டும். பக்கத்தில் தைல மரத் தோப்போ கிரெவில்லியா நிழல்மரமோ தேன் கொட்டும் காலத்தில் தேனீ தேயிலைப் பூவை விட்டு அங்கே போய்விடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

தேயிலைக் கொட்டை எண்ணெய் நம் பக்கத்தில் கைத்தொழிலாகலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு ஆசையும் கவலையும் சேர்ந்தே வரும். கைவிட்ட விதைத் தேயிலை மலைகள் இருக்கின்றன, வேலை தேடும் இளையவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எண்ணெய் எடுத்த பிண்ணாக்கில் சபோனின் என்ற பொருள் நிறைய இருக்கும். அதை மாட்டுக்குப் போட முடியாது. ஓடையில் கலந்தால் மீன் செத்து மிதக்கும். மேலே இருக்கும் தோட்டத்தில் கொட்டியது கீழே இருக்கும் லயத்துப் பீலிக்குத்தான் வரும். இதற்கு வழி கண்ட பிறகே ஆலை. விளைச்சல் கணக்கையும் ஊகத்தில் போட வேண்டாம். நாற்றுமேடைக்குக் கொட்டை தேர்ந்தவர்கள் செய்தது போல, ஒரு மலையின் கொட்டைகளைப் பொறுக்கித் தண்ணீரில் போட்டு, மூழ்கியதையும் மிதந்ததையும் தனித்தனியாக நிறுக்கலாம். மிதந்தது அதிகம் என்றால், அந்த மலையில் செக்குக்குப் பணம் தேடுவதற்கு முன் வேறு வகைத் தேயிலை ஒரு வரிசையும் தேனீப் பெட்டி இரண்டும் வைத்துப் பார்த்து, அடுத்த வருடக் கொட்டையை மறுபடி நிறுக்க வேண்டும்.